கண்ணு, கேட்டுவிட்டுக் காஸ்ட் பண்ணு

மூணாறில் தமிழ்வழியில் பத்தாவது எழுதி, பாலக்காட்டில் டிகிரி முடித்து, இப்போது கோவையில் ஜாவா வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். நம் குடும்பத்தில் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாவது ஆள் நீ. முதல் ஆள் நான். சேர்ந்த முதல் மாதமே, "பெரியப்பா, டவுன்காஸ்ட் பண்ணினால் சீனியர் திட்டுகிறார், பண்ணாவிட்டால் கம்பைலர் திட்டுகிறது, என்னதான் செய்வது?" என்று கேட்டாய். போனில் சொல்லித் தீர்கிற சங்கதி இல்லை அது. கொழிஞ்சாம்பாறை வீட்டில் சாயங்காலம் வேறு வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படி.

1. காஸ்ட் பண்ணினால் ஆப்ஜெக்ட் மாறிவிடும் என்று நினைக்காதே. வாகனம் என்று ஒரு கிளாஸ், அதன் கீழே லாரி, பேருந்து, ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம். (கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜாவா யூனிகோட் எழுத்துகளை ஏற்கும். அலுவலகத்தில் வேண்டாம், வீட்டில் செய்து பார், சந்தோஷமாக இருக்கும்.) லாரியை வாகனம் என்று பிடிப்பது அப்காஸ்ட். எல்லா லாரியும் வாகனம்தான் என்பதால் அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வாகனம் என்று கையில் இருப்பதை லாரி என்று பிடிப்பதுதான் டவுன்காஸ்ட்:

லாரி ல = (லாரி) வ;

எல்லையில் வளர்ந்த உனக்கு இது சுலபமாகப் புரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருகிறவரை எங்கள் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், உங்கள் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று வணிகவரிச் சோதனைச்சாவடிகள் இருந்தன. டிரைவர் பில்லை நீட்டுவார். பில்லில் வெங்காயம் என்று எழுதியிருந்தால் மூட்டைக்குள் இருப்பது வெங்காயம் ஆகிவிடுமா? அடைப்புக்குறிக்குள் நீ எழுதுகிற 'லாரி' அந்தப் பில்தான். உள்ளே பேருந்து இருந்தால் பேருந்துதான் இருக்கும்.

2. உன் சொல்லை இரண்டு பேர் சோதிக்கிறார்கள். முதல் ஆள் கம்பைலர். அது நடக்கவே முடியாததை மட்டும்தான் தடுக்கும். ஸ்ட்ரிங்கை இன்டிஜராகக் காஸ்ட் பண்ணப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடும், ஏனென்றால் ஒன்று மற்றொன்றாக இருக்க வழியே இல்லை. ஆப்ஜெக்ட் என்று இருப்பதை ஸ்ட்ரிங் என்று சொன்னாலோ, இருந்தாலும் இருக்கும் என்று விட்டுவிடும். இன்டர்ஃபேஸ் விஷயத்தில் இன்னும் தாராளம். ஃபைனல் என்று பூட்டாத கிளாஸை ஏறக்குறைய எந்த இன்டர்ஃபேஸுக்கும் காஸ்ட் பண்ண விடும். நாளைக்கு யாராவது அதன் கீழே ஒரு கிளாஸ் எழுதி அந்த இன்டர்ஃபேஸைச் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? இரண்டாவது ஆள் ஜே.வி.எம். கம்பைலர் பைட்கோடில் செக்காஸ்ட் என்று ஒரு கட்டளையைப் போட்டு வைத்திருக்கும். நிரல் ஓடி அந்த இடத்துக்கு வந்ததும் ஜே.வி.எம். மூட்டையைப் பிரித்துப் பார்க்கும். பொய் என்று தெரிந்தால் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன். "கம்பைல் ஆகிவிட்டது சார்" என்று சந்தோஷமாக வந்து நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் கதவைத்தான் தாண்டியிருக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

3. கேட்க வெட்கப்படாதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுகிற குணம் மனிதர்களிடம் இருந்தால் சபையில் சிரிப்பார்கள். நிரலில் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். டவுன்காஸ்டுக்கு முன்னால் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுக் கேள். முன்பெல்லாம் கேட்பது ஒரு வரி, காஸ்ட் பண்ணுவது அடுத்த வரி. வகையின் பெயரை மூன்று தடவை எழுத வேண்டும். பழைய வரியை நகலெடுத்து, கேள்வியில் 'பேருந்து' என்று மாற்றிவிட்டு, காஸ்டில் 'லாரி'யை அப்படியே விட்டவர்கள் ஏராளம். 2021 மார்ச்சில் வந்த ஜாவா 16 அந்தத் தொல்லையைத் தீர்த்தது. 'வ இன்ஸ்டன்ஸ்ஆஃப் லாரி ல' என்று எழுதினால் கேள்வியும் ஆச்சு, ஆம் என்றால் 'ல' என்ற பெயரில் லாரியும் கைக்கு வந்தாச்சு. இதில் இன்னொரு லாபம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. 'வ' என்பது பல திரெட்கள் தொடுகிற ஃபீல்டாக இருந்தால், பழைய முறையில் நீ கேட்டதற்கும் காஸ்ட் பண்ணுவதற்கும் நடுவே வேறொரு திரெட் அதை மாற்றிவிட முடியும். புதிய முறையில் ஒரே தடவைதான் அதைப் படிக்கிறாய்.

நல் (null) மதிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல் மதிப்பை வைத்துக்கொண்டு இன்ஸ்டன்ஸ்ஆஃப் கேட்டால் எப்போதும் 'இல்லை' என்றே பதில் வரும். கேட்காமல் காஸ்ட் பண்ணினாலோ எந்த வகைக்கும் சத்தமில்லாமல் போய்விடும். நாலு வரி தள்ளி நல்பாயின்டர்எக்ஸப்ஷனாக வெடிக்கும். வெடித்த இடத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இதெல்லாம் புது நாகரிகம் என்று நினைத்துவிடாதே. நார்வேயில் டாலும் நீகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே 'இன்ஸ்பெக்ட்' என்று ஒரு கட்டளை இருந்தது. ஆப்ஜெக்ட் எந்த வகை என்று பார்த்து, அந்தந்த வகைக்குரிய வேலையைச் செய்யும். ஜாவா அந்த வசதிக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

4. எக்ஸப்ஷனை விழுங்காதே. இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சம்பளக் கணக்கு, பெயர் வேண்டாம். தொழிலாளி என்று ஒரு கிளாஸ், அதன் கீழே நிரந்தரம், தற்காலிகம் என்று இரண்டு. கொளுந்து எடை கூடினால் கூடுதல் கிலோவுக்குக் கணக்குப் போடுகிற மெத்தட் நிரந்தரத்தில் மட்டும் இருந்தது. நிரல் எழுதிய பையன் லிஸ்டில் இருந்த எல்லோரையும் நிரந்தரம் என்று காஸ்ட் பண்ணினான். சோதனையில் எக்ஸப்ஷன் வந்தது. சுற்றி ட்ரை போட்டு, கேட்ச்சுக்குள் ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டான். அதற்குப் பிறகு நிரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, லாகிலும் ஒரு வரி இல்லை. சம்பள நாளன்று தற்காலிகமாக வேலை செய்த பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து, "எங்கள் சீட்டு எங்கே?" என்று நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஒருவருக்கும் சீட்டு அச்சாகவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் வெற்றுக் கேட்ச். பையன் கெட்டவன் இல்லை, கண்ணு. களைத்துப்போய் ராத்திரியில் 'இப்போதைக்கு' என்று எழுதியது. நம் தொழிலில் இப்போதைக்கு என்று எழுதியதுதான் ஆயுள் முழுக்க இருக்கும்.

இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுக் கேட்டிருந்தால் இஃப் என்று ஒரு பக்கம், எல்ஸ் என்று ஒரு பக்கம் வந்திருக்கும். அந்த எல்ஸில் என்ன எழுதுவது என்ற கேள்வியும் அவன் முன்னால் நின்றிருக்கும். அங்கே எதிர்பாராத வகை வந்தால் அதன் கிளாஸ் பெயரை லாகில் எழுது, இல்லையென்றால் அந்தப் பெயரோடு நீயே ஒரு எக்ஸப்ஷனை வீசு. சும்மா மட்டும் தாண்டிப் போகாதே.

5. வெளியிலிருந்து வருகிற தரவை நம்பாதே. வெளுத்ததெல்லாம் பால் இல்லை. இதை ஒரு பால் சொசைட்டி வேலையிலேயே பார்த்தோம். ஜேசானில் வந்த உறுப்பினர் எண்ணை மேப்பிலிருந்து எடுத்து லாங் என்று காஸ்ட் பண்ணியிருந்தார்கள். சோதனைத் தரவில் உறுப்பினர் எண் இருந்த இடத்தில் எல்லோரும் சோம்பலில் மொபைல் எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். பத்து நாள் சோதித்தும் ஒரு பிழை இல்லை. சொசைட்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். காலையில் கேன் தூக்கிக்கொண்டு வந்த முதல் விவசாயியின் எண் மூன்று இலக்கம். நிரல் அங்கேயே விழுந்தது, "இன்டிஜரை லாங்காகக் காஸ்ட் பண்ண முடியாது" என்று.

காரணம் இதுதான். எந்த வகை வேண்டும் என்று நீ சொல்லாவிட்டால் ஜாக்சன் நூலகம் தானே முடிவு செய்யும். எண் 214,74,83,647-க்குள் இருந்தால் இன்டிஜர், அதைத் தாண்டினால் லாங். பத்து இலக்க மொபைல் எண்கள் அந்த எல்லையைத் தாண்டியவை, அதனால் லாங்காக வந்தன. ஜிசன் நூலகமோ வகை சொல்லாத எண்ணை டபுளாகத் தரும். இன்டிஜரும் லாங்கும் நம்பர் என்ற கிளாஸின் பிள்ளைகள், உடன்பிறப்புகள். ஒன்றை மற்றொன்றாகக் காஸ்ட் பண்ண முடியாது. தகப்பனான நம்பராகக் காஸ்ட் பண்ணி, அதனிடம் லாங்வேல்யூ கேட்டால் இரண்டுக்கும் சரிப்படும். அதைவிட நல்லது, உறுப்பினர் என்று ஒரு கிளாஸ் எழுதி, ஜேசானை நேரே அதில் இறக்கச் சொல்வது. மேப்பில் ஆப்ஜெக்ட்டாக வாங்கி வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காஸ்ட் பண்ணித் திரிய வேண்டாம்.

6. பழைய நிரலைப் பார்த்துச் சிரிக்காதே. 2004 செப்டம்பரில் ஜாவா 5 வந்து ஜெனரிக்ஸ் கொடுக்கும்வரை எங்களுக்கு வேறு வழி இல்லை. வெக்டரோ அரேலிஸ்டோ, போடும்போது எல்லாம் ஆப்ஜெக்ட், எடுக்கும்போதெல்லாம் காஸ்ட். தவறான சரக்கைப் போட்டவன் ஒருத்தன், எடுக்கும்போது அடி வாங்குகிறவன் வேறொருத்தன். போட்ட இடம் எது என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும். ஜெனரிக்ஸ் வந்ததும் போடுகிற கையையே கம்பைலர் பிடித்துக்கொண்டது. உன் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய சொத்து அது. ஆகவே லிஸ்ட் என்று மொட்டையாக எழுதாதே. எதன் லிஸ்ட் என்று கோண அடைப்பில் சொல்லிவிடு.

ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக, கம்பைல் ஆனதும் அந்த வகை விவரத்தை ஜாவா அழித்துவிடுகிறது. ஓடும்போது ஸ்ட்ரிங் லிஸ்டும் இன்டிஜர் லிஸ்டும் ஒரே கிளாஸ்தான். ஆப்ஜெக்ட் என்று வந்த ஒன்றிடம் 'நீ ஸ்ட்ரிங் லிஸ்டா?' என்று ஜே.வி.எம்.மால் கேட்கவே முடியாது, 'நீ லிஸ்டா?' என்றுதான் கேட்கலாம். நீ எழுதாத காஸ்டைக் கம்பைலரே, எடுக்கிற இடங்களில், உனக்குத் தெரியாமல் போட்டு வைக்கும். அதனால்தான் சில நாள் அடைப்புக்குறியே இல்லாத ஒரு வரியில் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் வந்து நிற்கும், நீயும் முழித்துக்கொண்டு நிற்பாய். அப்படி வந்தால் அந்த வரியைக் குறை சொல்லாதே. வேறெங்கோ யாரோ ஒரு 'அன்செக்ட்' எச்சரிக்கையை வாயடைத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சப்ரஸ்வார்னிங்ஸ் போட வேண்டியே வரும் சில நேரம், தவறில்லை. கிளாஸ் தலையில் போடாதே. எந்த ஒரு மாறிக்குத் தேவையோ அதன் தலையில் மட்டும் போடு, ஏன் இது பாதுகாப்பு என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வை. எழுத ஒரு காரணமும் தோன்றவில்லை என்றால் காரணம் இல்லை என்றுதான் பொருள். குற்றவாளியைத் தேடுகிறபோது கலெக்ஷன்ஸ் கிளாஸில் செக்ட்லிஸ்ட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது, அதில் உன் லிஸ்டைச் சுற்றி வை. தவறான சரக்கு உள்ளே போகிற நொடியிலேயே பிடித்துக் கொடுத்துவிடும். இது ஜாவா 5-லிருந்தே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

7. பிழைச் செய்தியைக் கடைசி எழுத்துவரை படி. 'வாகனத்தை வாகனமாகக் காஸ்ட் பண்ண முடியாது' என்று ஒரு நாள் வரும். ஜாவாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தோன்றும். ஒரே கிளாஸை இரண்டு கிளாஸ்லோடர்கள் தனித்தனியே ஏற்றியிருந்தால் ஜே.வி.எம். கண்ணுக்கு அவை இரண்டு வேறு கிளாஸ்கள். டாம்கேட் போன்ற சர்வரில் ஒரே ஜார் கோப்பு இரண்டு இடத்தில் கிடந்தால் இப்படி ஆகும். ஜாவா 11 முதல் எந்த லோடர் ஏற்றியது என்பதையும் செய்தியிலேயே சொல்லிவிடுகிறார்கள். சீனியரிடம் ஓடுவதற்கு முன் அதைப் படித்தால் பாதி நாள் மிச்சம்.

8. கொடுத்த வாக்குக்கு மேல் உள்ளே எட்டிப் பார்க்காதே. ஒரு மெத்தட் உனக்கு லிஸ்ட் தருகிறேன் என்று சொன்னால் அது லிஸ்ட்தான். 'உள்ளே அரேலிஸ்ட்தானே இருக்கிறது' என்று காஸ்ட் பண்ணுவது அடுத்த வீட்டு அலமாரியைத் திறப்பதற்குச் சமம். அரேஸ் கிளாஸின் ஆஸ்லிஸ்ட் தருவதும் அரேலிஸ்ட் என்ற பெயருடைய ஒன்றுதான், ஆனால் அது அரேஸ் கிளாஸுக்குள் ஒளிந்திருக்கிற தனி அரேலிஸ்ட். பெயர் ஒன்று, ஆள் வேறு. காஸ்ட் விழுந்துவிடும்.

பெரிய பெரிய நூலகங்களே இதில் மாட்டிக்கொண்டன. சிஸ்டம் கிளாஸ்லோடரை யூஆர்எல்கிளாஸ்லோடராகக் காஸ்ட் பண்ணி, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜார் கோப்புகளைச் சேர்க்கிற தந்திரம் ஒன்று பல வருஷம் ஊர் முழுக்க இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று ஜாவா எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை, நடைமுறையில் இருந்தது, அவ்வளவுதான். 2017 செப்டம்பரில் ஜாவா 9 வந்தது, உள்ளே இருந்த கிளாஸ் மாறியது, அந்தத் தந்திரத்தை நம்பியிருந்த நிரல்கள் எல்லாம் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் கொடுத்து விழுந்தன. ஜாவா 8-ஐ விட்டு நகர முடியாமல் பல அலுவலகங்கள் தவித்ததற்கு இப்படிப்பட்ட காஸ்டுகளும் ஒரு காரணம்.

9. காஸ்டே வேண்டாத மாதிரி எழுதப் பார். இதற்குத்தான் அனுபவம் வேண்டும், இது மெதுவாகத்தான் வரும். நீ கோவைக்கு வருகிற வழி மறையூர், சின்னாறு, உடுமலை. எங்கள் வழி வாளையார். அந்தச் சாலையில் பாம்பாம்பள்ளத்தில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. அதற்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள். 'லாரியா? பேருந்தா? ஆட்டோவா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, காஸ்ட் பண்ணி, தொகையைக் கணக்கிடுகிற இஃப்-எல்ஸ் வரிசையை முதல் நாள் எழுதுவாய். ரசீது அச்சிடுகிற இடத்தில் அதே வரிசை மறுபடி வரும். மாதக் கணக்கில் மூன்றாம் தடவை. புதிதாக ஒரு வாகன வகை வந்தால் மூன்று இடத்திலும் சேர்க்க வேண்டும், இரண்டில் சேர்த்துவிட்டு ஒன்றை மறப்பாய். வாகனம் கிளாஸிலேயே 'சுங்கம்' என்று ஒரு மெத்தட் வைத்து, லாரி தன் தொகையைச் சொல்லட்டும், பேருந்து தன்னுடையதைச் சொல்லட்டும், ஆட்டோ பூஜ்யம் என்று சொல்லட்டும் என்று விட்டால் கேள்வியும் இல்லை, காஸ்டும் இல்லை.

பார்பரா லிஸ்கோவ் என்ற அம்மாள் 1987-ல் ஒரு மாநாட்டு உரையில் இதற்கு அடிப்படையான கருத்தைச் சொன்னார். தாய் வகை எதிர்பார்க்கப்படுகிற இடத்தில் பிள்ளை வகையை வைத்தால் நிரல் முன்பு போலவே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2008-ம் வருஷத்து டூரிங் விருது அவருக்குப் போயிற்று. பிள்ளை அப்படி நடக்காதபோதுதான் 'நீ யார், நீ யார்' என்று ஒவ்வொருத்தரையும் கேட்க வேண்டிய நிலை வருகிறது. ஆக, ஒரே மெத்தடில் மூன்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் பார்த்தால் அவற்றைத் திருத்துவதற்கு முன்னால் கிளாஸ்களைத் திருத்தலாமா என்று யோசி. எப்போதும் முடியாது. வேறொருவர் எழுதிய கிளாஸில் நீ மெத்தட் சேர்க்க முடியாது. திரையில் எந்த வண்ணத்தில் காட்டுவது என்பதை வாகனத்துக்குள் திணிப்பதும் அழகில்லை. அந்த இடங்களில் கேட்டுவிட்டுக் காஸ்ட் பண்ணு, குற்ற உணர்ச்சி வேண்டாம்.

10. குடும்பம் இவ்வளவுதான் என்று தெரிந்தால் அதைக் கம்பைலரிடமும் சொல்லி வை. 2021 செப்டம்பரில் ஜாவா 17-ல் சீல்டு கிளாஸ் நிலைபெற்றது. வாகனத்துக்கு லாரி, பேருந்து, ஆட்டோ தவிர வேறு பிள்ளைகள் கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-ல் ஸ்விட்சுக்குள்ளேயே வகையைக் கேட்கலாம். இரண்டும் சேர்ந்தால், ஒரு வகையை நீ மறந்தாலும் கம்பைலர் நிறுத்திவிடும். ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்: கை தானாகப் போய் டிஃபால்ட் எழுதுகிற பழக்கம். டிஃபால்ட் இருந்தால் நாளைக்கு நான்காவது பிள்ளை வரும்போது கம்பைலர் வாயைத் திறக்காது.

11. எண்களின் காஸ்ட் வேறு ஜாதி. ஆப்ஜெக்டைத் தவறாகக் காஸ்ட் பண்ணினால் ஜாவா கத்தும், எண்ணைச் சுருக்கினால் கத்தாது. 200-ஐ பைட்டாகக் காஸ்ட் பண்ணு, -56 வரும். 300-ஐப் பண்ணு, 44 வரும். ஒரு எக்ஸப்ஷனும் இல்லை. லாங்கை இன்டாகச் சுருக்க வேண்டியிருந்தால் ஜாவா 8-ல் வந்த டுஇன்ட்எக்ஸாக்ட் என்ற மெத்தடை மேத் கிளாஸிலிருந்து எடுத்துக்கொள், அடங்காவிட்டால் அது சொல்லிவிடும்.

1996 ஜூன் 4-ம் தேதி பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டின் கதையைத் தேடிப் படி. அது அடா மொழியில் எழுதியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றுகிற வரி. அந்தப் பதினாறு பிட்டில் 32,767-க்கு மேல் போகாது. ஏரியான் 4-ல் அந்த எண் ஒருநாளும் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை, அதனால் அந்த இடத்துக்குக் காவல் போடவில்லை. நிரலை அப்படியே ஏரியான் 5-க்கு எடுத்துக்கொண்டார்கள். புது ராக்கெட் பழையதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, எண் அடங்கவில்லை, பிழை வந்தது, வழிகாட்டும் கருவிகள் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் ராக்கெட் சிதறியது. 'இந்த மதிப்பு இதற்கு மேல் வராது' என்று உனக்குத் தோன்றும்போதெல்லாம், எந்த ராக்கெட்டைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுக்கொள்.

12. காஸ்டைக் காவல் என்று நம்பாதே. வெளியே இருந்து வந்த பைட்டுகளை ரீட்ஆப்ஜெக்ட் மூலம் எடுத்து, 'லாரியாகத்தான் காஸ்ட் பண்ணுகிறேனே, வேறு எதுவும் உள்ளே வராது' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காஸ்ட் நடக்கும் நேரத்துக்குள் அந்த ஆப்ஜெக்ட் முழுதாக உருவாகி, அதற்குள் இருந்த வேலையையும் முடித்திருக்கும். லாரி ஊருக்குள் போய்ச் சரக்கை இறக்கிய பிறகு பில்லைக் கேட்கிற கதை. 2015-ல் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் நூலகத்தை வைத்து இப்படித்தான் பல சர்வர்களை உடைக்க முடியும் என்று காட்டினார்கள். ஜாவா 9-லிருந்து எந்தக் கிளாஸ்களை உள்ளே விடலாம் என்று முன்னாலேயே வடிகட்ட வழி இருக்கிறது. முடிந்தால் வெளித் தரவுக்கு அந்த வழியையே தொடாதே, ஜேசான் போதும்.

13. கடைசியாக, மனிதர்களைப் பற்றி. ரிவ்யூவில் உன் காஸ்டைக் காட்டி, "இது லாரிதான் என்று எப்படித் தெரியும்?" என்று சீனியர் கேட்டால் கோபப்படாதே. அது உன்னைக் குறை சொல்கிற கேள்வி இல்லை. பதில் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று சொல், அதற்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. நாளைக்கு உனக்குக் கீழே ஒரு பிள்ளை வந்து சேரும். தோட்டத்து லயத்திலிருந்து வந்த பிள்ளையாகவும் இருக்கலாம், இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுகிற பிள்ளையாகவும் இருக்கலாம். நீயும் அப்படித்தான் வந்தாய். அதே கேள்வியை அந்தப் பிள்ளையிடம் தமிழிலேயே கேள், பத்துப் பேர் முன்னால் கேட்காதே.

அலுவலகத்தில் எந்த ஜாவா ஓடுகிறது என்று நாளைக்கே விசாரி. ஜாவா 21 என்றால் நான் மேலே சொன்னது எல்லாமே உன் கையில் இருக்கிறது. இன்னும் ஜாவா 8 என்றால் சீல்டு கிடையாது, ஸ்விட்சில் வகை கேட்க முடியாது, கேட்டுவிட்டு அடுத்த வரியில் கையால்தான் காஸ்ட் பண்ண வேண்டும். அதைச் சாக்காகச் சொல்லிக் கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே. இன்ஸ்டன்ஸ்ஆஃப் 1996-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ஜாவாவில் இருக்கிறது.